'ஏன்'னு கேட்டா பதில் வராது

எங்க அப்பா மேட்டுப்பாளையத்துல டூரிஸ்ட் வேன் ஓட்டுறார். வேன் டேஷ்போர்டு மேல ஒரு பெரிய கிளிப் இருக்கும். அதுல ரசீதா மாட்டியிருக்கும். டோல், பார்க்கிங், நுழைவுக் கட்டணம், பர்மிட்னு ஒரு ட்ரிப் முடிஞ்சு வந்தா ஏழெட்டு சீட்டு சேர்ந்துடும். ராத்திரி சாப்பிட்டுட்டு அதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைப்பார். "கவர்மென்ட்டும் நம்மகூட டூர் வருதுங்கண்ணு, டிக்கெட் மட்டும் நாமதான் எடுக்கோணும்"னு சிரிப்பார்.

போன வருஷம் மே மாச லீவுல நானும் ஒரு ட்ரிப்புக்குக் கூடப் போனேன். எந்த மலை ஊர்னு சொல்லப் போறதில்ல, அது இங்க முக்கியமில்ல. ஊருக்குள்ள நுழையுற இடத்துல கயிறு கட்டி நிறுத்தி ஒரு ரசீது குடுத்தாங்க. 'சுற்றுலா வாகன நுழைவுக் கட்டணம்'னு மேல பெருசா இருந்தது. கீழ பொடி எழுத்துல 'சுகாதார வசதிகள் மேம்பாட்டிற்காக'ன்னு ஒரு வரி. வேன்ல ஈரோட்டுக் குடும்பம் ஒண்ணு, அதுல எழுபது வயசுக்கு மேல ஒரு பாட்டி. வண்டி நிறுத்துற இடத்துல இருந்த கழிப்பறையில ரெண்டு பூட்டு தொங்குச்சு. ஒரு பூட்டு துருப்பிடிச்சே போயிருந்தது. பாட்டி அப்பாவைப் பாத்து, "ஏந்தம்பி, வேற எடம் ஏதும் இல்லீங்களா?"ன்னு சன்னமா கேட்டாங்க. அப்பா முகம் போன போக்கை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, தெரிஞ்ச ஒரு டீக்கடைக்காரர் வீட்டுல கெஞ்சிக் கேட்டு இறக்கி விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ரத்தம் கொதிச்சது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கே, விடுவேனா? ராத்திரியோட ராத்திரியா ரெண்டு பக்கத்துக்கு எழுதினேன். நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். 'பெறுநர்'ல எந்த 'ர'ன்னே என் ரூம்மேட்டுக்கு போன் பண்ணிக் கேட்டுத்தான் எழுதினேன். ஆனா ஆவேசத்துக்குக் குறைச்சல் இல்ல. ஏன் இவ்வளவு கட்டணம் வாங்குறீங்க? கழிப்பறை ஏன் பூட்டியிருக்கு? வயசானவங்க வந்தா என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சீங்களா? இது நியாயமா? பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன்.

28-வது நாள் பதில் வந்தது. ஒரே வரி. தாங்கள் கோரியவை 'தகவல்' என்ற வரையறைக்குள் வரவில்லை.

கோபம் தணிஞ்சதும் சட்டத்தைத் தொறந்து பாத்தேன். அவங்க பண்ணது சரிதான். பிரிவு 2(எஃப்) சொல்ற 'தகவல்'னா ஏற்கெனவே ஏதோ ஒரு ஃபைல்லயோ பதிவேட்டுலயோ இருக்கிற விஷயம். 'இது நியாயமா'ங்கிறதுக்கு எந்த ஆபீஸ்லயும் ஃபைல் கிடையாது. நான் கேட்டதுல ஒண்ணுகூடக் கேள்வி இல்ல. எல்லாம் திட்டு, கடைசியில கேள்விக்குறி போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்போதான் ஒண்ணு தோணுச்சு. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிறதையே வேலையா வச்சிருக்கிறவங்க இருக்காங்களே, எம்பிங்க, அவங்க எப்படிக் கேட்கிறாங்க? செமஸ்டர் ஆரம்பிக்க இன்னும் மூணு வாரம் இருந்தது. உக்காந்து படிச்சேன். படிச்சதைத்தான் இங்க சொல்றேன்.

முதல்ல 1957-க்குப் போகணும். எல்ஐசி ஆரம்பிச்சு அப்போ ஒரு வருஷம்கூட முழுசா ஆகல. 1956 செப்டம்பர் 1 அன்னைக்கு 245 இன்சூரன்ஸ் நிறுவனங்களை ஒண்ணாச் சேர்த்து அரசாங்கம் உருவாக்கின அமைப்பு அது. அதுல இருந்தது யார் காசு? பிரீமியம் கட்டின குமாஸ்தா, வாத்தியார், ரயில்வே ஊழியர் காசு. 1957 ஜூன்ல அந்தக் காசுல சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய்க்கு ஆறு கம்பெனிகளோட பங்குகளை எல்ஐசி வாங்குச்சு. ஆறும் ஹரிதாஸ் முந்த்ராங்கிற கல்கத்தா தொழிலதிபரோட சம்பந்தப்பட்டது. அந்த ஆள் ஏற்கெனவே பணச் சிக்கல்ல இருந்தவர். எல்ஐசிக்குன்னு ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அதைக் கேட்காமலே வாங்கிட்டாங்க. இன்னைக்கு ஒண்ணேகால் கோடின்னா சென்னையில ஒரு ஃபிளாட் விலை. அப்போ அது மலை மாதிரிப் பணம்.

இதை மக்களவையில துருவினவர்ல முக்கியமானவர் ஃபெரோஸ் காந்தி. ரேபரேலி எம்பி. ஆளுங்கட்சிக்காரர், அதைவிட, பிரதமர் நேருவோட மருமகன். எதிர்க்கட்சிக்காரர் கேட்டா 'அரசியல்'னு தள்ளிடலாம். சொந்த மருமகனை என்ன சொல்லித் தள்ளுறது?

இங்க நீங்க கவனிக்க வேண்டியது அவர் எப்படிக் கேட்டார்ங்கிறதை. 1957 செப்டம்பர்லயே இந்த விஷயம் அவையில கேள்வியா வந்துடுச்சு. வந்த பதில்ல பிடி இல்ல. கேட்டதுக்கு மட்டும், கேட்ட வார்த்தைக்கு மட்டும் பதில். நவம்பர் கடைசியில மறுபடியும் கேள்வி. அதுக்கப்புறம் டிசம்பர் 16-ம் தேதி விவாதம். அன்னைக்கு ஃபெரோஸ் காந்தி எழுந்தப்போ கையில இருந்தது பங்குச் சந்தை விலைப் பட்டியல். இந்தத் தேதிக்கு இந்தப் பங்கு சந்தையில என்ன விலை, எல்ஐசி குடுத்தது என்ன விலை? முதலீட்டுக் குழு எப்போ கூடுச்சு, எப்போ பணம் போச்சு? 'நீங்க ஊழல் பண்ணீங்க'ன்னு சத்தம் போட்டிருந்தா 'இல்லை'ன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். விலையையும் தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, 'இல்லை'ன்னு சொல்ல எங்க இடம்?

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒரு நபர் விசாரணை ஆணையமா 1958 ஜனவரியில போட்டாங்க. அவர் விசாரணையைப் பொதுமக்கள் முன்னாடியே நடத்தினார். உள்ள இடம் பத்தாம வெளியில ஒலிபெருக்கி கட்டுற அளவுக்குக் கூட்டம். பிப்ரவரியிலயே அறிக்கை குடுத்துட்டார். ஒரு விசாரணை ஆணையம் ஒரே மாசத்துக்குள்ள அறிக்கை குடுத்ததுன்னு சொன்னா நம்ம காலத்துல யாரும் நம்பமாட்டாங்க. செயலாளர் பண்ணதுக்கும் அமைச்சர்தான் அவைக்குப் பொறுப்புங்கிறது சாக்ளாவோட முடிவு. நிதியமைச்சர் ராஜினாமா பண்ணார். அந்த நிதியமைச்சர் யார் தெரியுமா? நம்ம சென்னைக்காரர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. உங்க வீட்டு பிரெஸ்டீஜ் குக்கர்ல இருக்கிற டிடிகே அவர் ஆரம்பிச்ச குழுமம்தான். பின்னாடி 1963-ல திரும்பவும் நிதியமைச்சர் ஆனார். அதைவிட வேடிக்கை, அப்போ நிதித்துறைச் செயலாளரா இருந்து இந்த விவகாரத்துல மாட்டின எச்.எம். படேல், 1977-ல மொரார்ஜி தேசாய் ஆட்சியில நிதியமைச்சராவே வந்தார்.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. எல்ஐசி ஒரு தனிச் சட்ட அமைப்பு, அமைச்சகத்தோட ஒரு செக்‌ஷன் கிடையாது. நெடுஞ்சாலை ஆணையமும் அப்படித்தான். கேள்வி நேரத்துல எம்பி அந்த அமைப்போட சேர்மனை நிக்க வச்சுக் கேட்க முடியாது, சம்பந்தப்பட்ட அமைச்சர்தான் பதில் சொல்லணும். அமைச்சரோ 'அது தன்னாட்சி அமைப்பு, அன்றாட நிர்வாகத்தில் நாங்கள் தலையிடுவதில்லை'ன்னு ஒதுங்கிக்கலாம். காசு மக்களோடது, கேட்டா யாரோடதும் இல்லைங்கிற மாதிரி ஒரு சந்து. முந்த்ரா விவகாரத்துல அடைபட்டது அந்தச் சந்துதான். பொதுத்துறை நிறுவனங்களோட கணக்கைப் பாக்கவும், அதிகாரிகளை நேர்ல கூப்பிட்டு விசாரிக்கவும் 1964-ல நாடாளுமன்றம் தனியா ஒரு குழுவே போட்டது.

சரி, இன்னைக்கு ஒரு எம்பி கேள்வி கேட்கணும்னா என்ன பண்ணணும்? நினைச்ச உடனே எந்திரிச்சுக் கேட்டுட முடியாது. குறைஞ்சது 15 நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும். குலுக்கல் போட்டு வரிசை முடிவு பண்ணுவாங்க. மக்களவையில ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரம் இல்லாத கேள்வி. நட்சத்திரம் இருந்தா அமைச்சர் வாயால பதில் சொல்லணும், இல்லாததுக்கு எழுத்துல வரும். நமக்கு வைவாவும் தியரி பேப்பரும் இருக்கே, அது மாதிரி. 20-ல பாதிகூட வாய்மொழியா வராம மணி 12 ஆகிடுறதுதான் வழக்கம். மீதிக்கும் பதில் எழுத்துல வந்துடும்.

மக்களவை விதி 41-ஐப் படிச்சப்போதான் எனக்குச் சுருக்குன்னு இருந்தது. கேள்வி 150 வார்த்தையைத் தாண்டக் கூடாது. வாதம் பண்ணக் கூடாது, கிண்டல் கூடாது, பழி போடக் கூடாது, அபிப்பிராயம் கேட்கக் கூடாது. என்னோட ரெண்டு பக்கத்தை நாலு தடவை நிராகரிக்க இதுவே போதும். வாயை அடைக்கிறதுக்கான விதி மாதிரித் தெரியுதுல்ல? எனக்கும் முதல்ல அப்படித்தான் தெரிஞ்சது. ரெண்டு மூணு நாள் கேள்வி-பதிலா படிச்ச பிறகு எண்ணம் மாறிடுச்சு. கோபத்தை எடுத்துட்டா கேள்வியில மிச்சம் இருக்கிறது தொகை, தேதி, இடம், பொறுப்பு. இந்த நாலுக்கும் பதில் சொல்றவரால கோபப்பட்டுத் தப்பிக்க முடியாது.

கேள்வியோட அமைப்பும் நமக்குப் பழக்கமானதுதான். 'சுற்றுலாத் துறை அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா'ன்னு ஆரம்பிக்கும். (அ) இன்னது உண்மையா. (ஆ) ஆமெனில், அதன் விவரங்கள். (இ) இல்லையெனில், அதற்கான காரணங்கள். இஃப்–எல்ஸ்! சிஎஸ்ஈ பசங்க சிரிக்காதீங்க, நிஜமாவே இஃப்–எல்ஸ்தான். எந்தப் பக்கம் போனாலும் ஒரு அவுட்புட் வந்தே தீரணும்.

வாய்மொழி பதில்ல இன்னொரு வசதி துணைக் கேள்வி. வைவாவுல எக்ஸ்டர்னல் முதல்ல கேட்கிறது எல்லாருக்கும் தெரியும், அதுக்கு மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போவோம். நம்ம பதில்ல இருந்தே ஒரு வார்த்தையை எடுத்து ரெண்டாவதா ஒண்ணு கேட்பார் பாருங்க, அங்கதான் வியர்க்கும். முதல் பதிலை ஆபீசர்ங்க எழுதிக் குடுத்துடலாம். துணைக் கேள்விக்கு அமைச்சருக்கே விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

இப்போ பதில்களைப் படிக்கிறது எப்படின்னு பாப்போம். கேட்கிறதைவிட இது கஷ்டம். நாடாளுமன்ற இணையதளத்துல எல்லாப் பதிலும் இருக்கு. இங்கிலீஷ்லயும் ஹிந்தியிலயும் இருக்கும், தமிழ்ல இல்ல. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சதுக்கு இப்படியாவது ஒரு பிரயோஜனம்.

சுற்றுலா பத்தின பதில்களை ஒரு இருபது படிங்க. ஒரு பத்தி உங்களுக்கு மனப்பாடமே ஆகிடும். சுற்றுலா வளர்ச்சி முதன்மையா மாநில அரசோட பொறுப்பு. மத்திய அமைச்சகம் நிதியுதவி தரும். அது நிதி இருக்கிறதைப் பொறுத்தது, திட்ட அறிக்கை வர்றதைப் பொறுத்தது, வழிகாட்டு நெறிகளைப் பொறுத்தது, முன்ன குடுத்த காசைச் செலவு பண்ணதைப் பொறுத்தது. கேள்வி லடாக் பத்தி இருந்தாலும் சரி, கன்னியாகுமரி பத்தி இருந்தாலும் சரி, இந்தப் பத்தி வந்துடும். அசைன்மென்ட்டுக்கு முன்னுரை காப்பி பண்றது நாம மட்டும் இல்லைன்னு ஒரு ஆறுதல்.

அந்தப் பத்தியைத் தாண்டிக் கீழ போங்க. இணைப்புன்னு ஒரு அட்டவணை இருக்கும், சரக்கு அங்கதான். ஸ்வதேஷ் தர்ஷன்னு ஒரு திட்டம், 2014-15-ல ஆரம்பிச்சது. நாடு முழுக்க 76 பணிகள், 5,000 கோடிக்கு மேல ஒதுக்கீடு. தமிழ்நாட்டுக்கு அதுல வந்தது சென்னை, மாமல்லபுரம், ராமேஸ்வரம், மணப்பாடு, கன்னியாகுமரின்னு போற கடற்கரைச் சுற்று. 2016-17-ல அனுமதி, தொகை சுமார் 73 கோடி. அட்டவணையில மாநிலம், வருஷம், திட்டத்தோட பேர், தொகைன்னு வரிசையா இருக்கும். மணப்பாட்டுல சரியா என்ன கட்டினாங்க, இப்போ யார் பராமரிக்கிறாங்க, கதவு தொறந்திருக்கான்னு மட்டும் இருக்காது. அதெல்லாம் யாராவது கேட்டாத்தான் வரும். 'கடற்கரைச் சுற்றுக்கு எவ்வளவு?'ன்னு கேட்டா 73 கோடின்னு பதில் வரும். 'மணப்பாட்டில் கட்டப்பட்ட ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் எந்த அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது?'ன்னு கேட்டா வேற மாதிரிப் பதில் வந்தாகணும். இந்தத் திட்டத்தைத் தணிக்கை பண்ண சிஏஜி, 2023-ல குடுத்த அறிக்கையில, சரியான சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே பணிகளை எடுத்திருக்காங்கன்னு எழுதினார். சிஏஜி ஒரு விஷயத்துக்கு வர்றதுக்குள்ள பல வருஷம் ஓடிடும். கேள்வி 15 நாள்ல போயிடும்.

அடுத்தது செஸ். இது நேரா நம்ம விஷயம், கொஞ்சம் நிதானமாப் படிங்க. செஸ்னா ஒரு காரணத்தைச் சொல்லி வாங்குற மேல்வரி. வரின்னா பொதுப் பெட்டிக்குப் போகும், பிறகு மாநிலங்களுக்கும் பங்கு வரும். செஸ்ல அந்தப் பங்கு கிடையாது, அரசியல் சட்டம் 270-வது பிரிவே அதை வெளிய வச்சிருக்கு. மாநிலத்துக்குப் பங்கு இல்ல, ஆனா சொன்ன காரணத்துக்குச் செலவு பண்ணணும். இதுதான் ஒப்பந்தம். 2007-ல உயர்நிலைக் கல்விக்கும் உயர்கல்விக்கும்னு சொல்லி 1 சதவீத செஸ் போட்டாங்க. உயர்கல்வின்னா நாமதான், நீங்களும் நானும். அந்தக் காசைப் போட்டு வைக்கிறதுக்குன்னு தனி நிதியம் ஒண்ணு வேணும்ல? அதுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது 2017 ஆகஸ்ட்ல. பத்து வருஷம் கழிச்சு! உண்டியலே இல்லாம பத்து வருஷம் காணிக்கை வாங்கியிருக்காங்க. அடுத்த வருஷமே 3 சதவீதக் கல்வி செஸ் போய், 4 சதவீத சுகாதார–கல்வி செஸ் வந்துடுச்சு.

இங்க 'கல்விக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்?'னு ஒருத்தர் கேட்டா அரசாங்கம் பெரிய நம்பர் ஒண்ணு சொல்லிடும். அது பொய்யும் இல்ல. 'இந்த செஸ்ஸில் வசூலான தொகை எவ்வளவு, அதில் இந்த நிதியத்துக்கு மாற்றிய தொகை எவ்வளவு, ஆண்டு வாரியாக'ன்னு கேட்டாத்தான் அந்த இடைவெளி தெரியும். ரெண்டு நம்பர் கேட்டு, கழிச்சுப் பாக்குற வேலையை நாம வச்சுக்கணும்.

டோலைச் சொல்லாம விட்டா அப்பா கோவிச்சுக்குவார். 'ஏன் இவ்வளவு கட்டணம்?'னு எந்த எம்பி கேட்டாலும் முதல்ல வர்ற பதில், 2008-ம் வருஷத்துக் கட்டண விதிகளின்படி வசூலிக்கப்படுகிறதுங்கிறதுதான். அதனால கேட்கத் தெரிஞ்சவங்க விதியையே முதல்ல படிச்சுட்டு வர்றாங்க. உதாரணமா, அரசுக் காசுல போட்ட ரோடா இருந்தா, போட்ட முதல் திரும்பி வந்த பிறகு கட்டணத்தை 40 சதவீதமாக் குறைக்கணும்னு அந்த விதிகள்ல இருந்தது. அதனால 'இந்த ரோட்டுக்குப் போட்ட முதல் எவ்வளவு, இதுவரை வசூல் எவ்வளவு?'ன்னு ரெண்டு நம்பர் கேட்டாலே போதும், குறைக்க வேண்டிய நேரம் வந்துடுச்சா இல்லையான்னு தெரிஞ்சுடும். 2023-ல திருத்தம் கொண்டுவந்து அந்தக் குறைப்பையே எடுத்துட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துல வச்ச சிஏஜி அறிக்கை, தென் மாநிலச் சுங்கச்சாவடிகள்ல விதிக்கு மாறா வசூல் நடந்ததைச் சொல்லுச்சு. அந்தப் பட்டியல்ல நம்ம பரனூரும் இருந்தது. செங்கல்பட்டு தாண்டி ஊருக்குப் போறவங்க எல்லாரும் அந்த வரிசையில நின்னிருப்பீங்க.

பதில்ல இன்னொரு வகை இருக்கு. 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்.' இது கேட்கிறவங்களைக் கழட்டி விடுற பதில்னு தோணும். ஆனா அப்படிச் சொல்லிட்டா அது ஒரு வாக்குறுதி ஆகிடும். அரசு உறுதிமொழிகளுக்குன்னே மக்களவையில ஒரு குழு 1953-ல இருந்து இருக்கு. பொதுவா மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தணும்னு கணக்கு. வருஷக் கணக்கா இழுக்கிறதும் நடக்குது, அது வேற. ஆனா ஒரு பேரேட்டுல அது 'பாக்கி'ன்னு நின்னுட்டே இருக்கும். அரியர் மாதிரி. மறந்துட்டேன்னு சொல்ல முடியாது.

எல்லாக் கேள்வியும் மக்களுக்காகவே கேட்கப்படுதுன்னு நான் சொல்லல. கேட்கிறதுக்கே காசு வாங்கின எம்பிக்களும் இருந்திருக்காங்க. ரகசியக் கேமரா விவகாரத்துல 2005 டிசம்பர்ல 11 எம்பிக்களைப் பதவியில இருந்தே நீக்கினாங்க. ஒரு சாதாரணக் கேள்விக்குக் காசு குடுக்க ஆள் இருந்திருக்குன்னா, கேள்விக்கு எவ்வளவு மதிப்புன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

நம்ம கதைக்கு வர்றேன். எம்பிக்கும் எனக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. எம்பியால 'அதற்கான காரணங்கள்'னு கேட்க முடியும், அமைச்சர் காரணம் சொல்லியாகணும். என்னால காரணம் கேட்க முடியாது, காகிதம்தான் கேட்க முடியும். தகவல் சட்டத்தோட 8-வது பிரிவுல முன்ன ஒரு அழகான வரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனி மனிதருக்கும் மறுக்கக் கூடாதுங்கிற அர்த்தத்துல. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அந்த உட்பிரிவை மாத்தினப்போ அந்த வரியையும் தூக்கிடுச்சு. அதைப் படிச்சப்போ எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருந்தது. பத்து ரூபாய்ல என்னையும் ஒரு எம்பிக்குச் சமமா நிறுத்தின வரி அது.

ரெண்டாவது மனு எழுதினேன். இந்த முறை அரைப் பக்கம், மூணே கேள்வி. ஒண்ணு, கடந்த ரெண்டு நிதியாண்டுல சுற்றுலா வாகன நுழைவுக் கட்டண வசூல் உரிமை எவ்வளவுக்கு ஏலம் போனது, ஏல உத்தரவோட நகல். ரெண்டு, அந்தத் தொகை எந்தக் கணக்குத் தலைப்புல வரவு வைக்கப்பட்டது. மூணு, அந்தத் தொகையில இருந்து வாகன நிறுத்துமிடக் கழிப்பறைக்குச் செலவு பண்ண தொகை, ஆண்டு வாரியா. நியாயம், அநியாயம், பாட்டி, என் கோபம் எதுவும் அதுல இல்ல. அனுப்பும்போது சப்புன்னு இருந்தது. உப்பில்லாத சாப்பாடு மாதிரி.

இந்தத் தடவை 30-வது நாள் வந்தது, நாலு பக்கம். முதல் கேள்விக்கு ஏல உத்தரவு நகலே இருந்தது. அந்த லட்சங்களைப் பாத்துட்டு அப்பா ரெண்டு தடவை எண்ணிப் பாத்தார், சைபர் சரியான்னு. ரெண்டாவதுக்கு: 'பொது நிதி'. மூணாவதுக்கு: 'இதற்கெனத் தனியாகக் கணக்குப் பராமரிக்கப்படவில்லை.'

நான் செஸ் கதையை அப்பாகிட்ட சொன்னேன். உண்டியல் இல்லாத காணிக்கை டெல்லியில மட்டும் இல்ல, நம்ம பக்கத்துலயும் இருக்குன்னு. அப்பா கேட்டுட்டே இருந்தார். எந்திரிச்சுப் போய் வேன்ல இருந்து அந்தப் பழைய ரசீதை எடுத்துட்டு வந்தார். கண்ணாடியை மாட்டிட்டு, அந்தப் பொடி எழுத்து வரி மேல விரலை வச்சார்.

"ஏஞ்சாமி, தனிக் கணக்கே இல்லீன்னா, சுகாதார வசதிக்குன்னு இதுல எவன் போடச் சொன்னது?"

எட்டாவது வரைக்கும் படிச்ச எங்கப்பா கேட்டது, நான் மூணு வாரம் தேடிப் படிச்ச அதே துணைக் கேள்வி. பதில்ல இருந்தே ஒரு வார்த்தையை எடுத்து அவங்க ரசீதோட பக்கத்துல வச்சுட்டார். அதை அப்படியே அனுப்பினா திரும்பவும் 'தகவல் அல்ல'ன்னு வரும்னு எனக்கு இப்போ தெரியும். லேப்டாப்பைத் தொறந்து, அப்பா பக்கத்துல உக்காந்திருக்க, தமிழ்ல டைப் பண்ணேன்:

'நுழைவுக் கட்டண ரசீதில் "சுகாதார வசதிகள் மேம்பாட்டிற்காக" என்ற வாசகத்தை அச்சிட ஒப்புதல் அளித்த தீர்மானத்தின் எண், தேதி, மற்றும் நகல்.'

படிச்சுக் காட்டினேன். "இதுல நான் கேட்டது எங்க இருக்குது?"ன்னார் அப்பா. ரெண்டாவது தடவை மெதுவாப் படிச்சேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சரி, ஸ்டாம்ப் ஒட்டு"ன்னார். போன வாரம் தபால்ல போட்டாச்சு. இந்தக் கட்டுரை எழுதுறப்போ 9-வது நாள்.